பொட்டலில் ஒளிந்த பாட்டு

பங்க் என்னும் இசைவகையின் வரலாறு பெரும்பாலும் அது ஒலித்த சில அறைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1970-களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருவான இந்த இசை, இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் வேகமான பாட்டுகளையும், கித்தாரில் மூன்று நான்கு பிடிகளுக்கு மேல் கோராத எளிமையையும், பயிற்சி பெற்ற குரலைக் கேலி செய்யும் கத்தலையும் தன் அடையாளமாகக் கொண்டது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களும் வானொலியும் சீண்டாத இளைஞர்கள், நகரம் கைவிட்ட, வாடகை குறைந்த, சுவர் ஒழுகும் கட்டடங்களுக்குள் புகுந்து அதை வளர்த்தார்கள். நியூயார்க்கின் பவரி தெருவில், தங்க இடமில்லாதவர்கள் இரவு வாடகைக்குப் படுத்தெழும் விடுதிகளுக்கு நடுவே, ஹில்லி கிரிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் தொடங்கிய சிபிஜிபி மதுக்கூடத்தின் பெயர், கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற மூன்று இசைவகைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைக்கப்பட்டது. அந்த மூன்றுக்கும் அங்கே ஆள் சேரவில்லை. பெயர்ப் பலகையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ராமோன்ஸ், டெலிவிஷன் என்ற குழுக்கள், பாடகி பட்டி ஸ்மித் ஆகியோரின் இசைதான் அந்த இடத்துக்கு உலகப் பெயரைத் தேடித் தந்தது. வாடகைத் தகராறு முற்றி 2006 அக்டோபரில் அது மூடப்பட்டபின், அதே இடத்தில் விலை உயர்ந்த ஆடைகளை விற்கும் கடை ஒன்று திறக்கப்பட்டது.

லண்டனில் நிகழ்ந்தது இன்னும் சுருக்கமானது. கோவென்ட் கார்டனில் இருந்த பழம், காய்கறி மொத்தச் சந்தை 1974-இல் நகரின் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டதால், சுற்றியிருந்த கிடங்குகள் காலியாகி, அந்த வட்டாரமே ஆளற்றுக் கிடந்தது. அங்கே நீல் தெருவில் ஆண்டி செஸோவ்ஸ்கி 1976 டிசம்பரில் திறந்த ராக்ஸி என்ற கிளப் சில மாதங்களிலேயே அவர் கையைவிட்டுப் போயிற்று என்றாலும், ஆங்கிலப் பங்க் இசையின் பிறந்த வீடாக இன்றுவரை பேசப்படுகிறது. இசைத்தட்டு சுழற்றும் பொறுப்பில் இருந்த டான் லெட்ஸ், அந்த நாட்களில் போடுவதற்குப் போதுமான பங்க் தட்டுகளே வெளிவந்திராத காரணத்தால், இரண்டு குழுக்களுக்கு இடையிலான நேரத்தை ஜமைக்காவின் ரெகே இசையால் நிரப்பினார் என்பதும், அப்படி நேர்ந்த கலப்பிலிருந்து பின்னால் ஒரு புதிய இசைப் போக்கே கிளைத்தது என்பதும் அந்த அறையைப் பற்றிய செய்திகளில் மிகச் சுவையானவை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டு இன்றும் நடந்துவரும் கில்மன் தெருக் கிளப் வேறு வகை. அதற்கு முதலாளி இல்லை, மது இல்லை, எந்த வயதினரும் வரலாம். இனவெறிக்கும் பெண்வெறுப்புக்கும் அடிதடிக்கும் இடமில்லை என்ற விதிகள் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குழு அங்கே மேடையேறக் கூடாது என்ற கட்டுப்பாட்டால், அங்கிருந்து வளர்ந்து புகழ்பெற்ற கிரீன் டே குழுவே 1990-களில் வெளியே நிற்க நேர்ந்தது.

இந்த மூன்றும் தம்முள் எவ்வளவு வேறுபட்டாலும், மூன்றுக்கும் கதவு ஒன்று இருந்தது. கதவருகே நுழைவுக் கட்டணம் வாங்க ஓர் ஆளும், கதவுக்குப் பின்னால் ஒரு குத்தகைப் பத்திரமும் இருந்தன. ஊரின் பெரும்பான்மைக்குப் பிடிக்காத ஒன்று அந்த ஊரிலேயே உயிரோடிருக்க வேண்டுமானால், பெரும்பான்மையின் கண்ணிலும் காதிலும் படாத ஓர் இடம் தேவை என்ற கணக்கின்மேல் இந்தக் கிளப்புகள் எழுந்தன. பெருநகரத்தில் அந்தக் கணக்கு செல்லும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூர்களில், குறிப்பாகத் தென்தமிழகத்தின் கோயில் ஊர்களிலும் ஆலை ஊர்களிலும், அதிகாரத்துக்கு ஒவ்வாத பாட்டு எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கு வேறு வகையில் விடை தேட வேண்டியிருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே சாலையிலும் ஒரே ரயில் பாதையிலும் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் குணத்தில் இரண்டு துருவங்கள். முன்னது ஆண்டாள் பிறந்த ஊர். பதினொரு நிலைக் கோபுரமும், ஆடிப்பூரத் தேரும், மாவட்ட நீதிமன்றமும், 1875 முதல் இயங்கிவரும் பென்னிங்டன் நூலகமும், பால்கோவாவும் அதன் அடையாளங்கள். பின்னது பஞ்சாலை ஊர், 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி, சுற்றுவட்டாரத்தின் நூற்பாலைகளும், சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவமனைக் கட்டுத்துணியும் அதன் நாளை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்துவைத்திருக்கின்றன. இந்த இரண்டு ஊர்களில் எதிலும் பங்க் கிளப் என்று ஒன்று இருந்ததில்லை. இருந்திருக்க வாய்ப்பும் இல்லை. ஆனால் கிளப் செய்த வேலையில் ஒரு பகுதியை, வேறொரு வழியில், அதைவிட நீண்ட காலம் செய்துவந்த ஒரு மேடை இந்த வட்டாரத்தில் இருந்திருக்கிறது.

அந்த மேடையை அறிய, அதன் அண்டை வீடுகளை முதலில் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் மார்கழி அத்யயன உற்சவத்தின்போது நிகழும் அரையர் சேவை, ஆழ்வார் பாசுரங்களைத் தாளத்தோடு பாடி, அபிநயித்து, உரை சொல்லும் ஒரு வழிபாட்டுக் கலை. குறிப்பிட்ட குடும்பங்களுக்கு மட்டுமே உரிய இந்தக் கலை, தமிழகத்தில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மிகச் சில தலங்களிலேயே நிலைத்திருக்கிறது. இங்கே பாடுகிறவரின் உரிமை பிறப்பால் வருவது, இடம் கோயில் மண்டபம், கேட்பவர் பெருமாள். மனிதர்கள் அருகிருந்து காண்கிறவர்கள் மட்டுமே. ராஜபாளையத்தில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடையாக அளித்து உருவாக்கிய காந்தி கலை மன்றம், தேசிய இயக்கம் கனவு கண்ட கண்ணியமான பண்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கலை என்பது நாற்காலி வரிசையில் அமர்ந்து, நேரத்துக்குத் தொடங்கி, நேரத்துக்கு முடிவது. இவ்விரண்டுக்கும் வெளியே, மாரியம்மன் கோயில்களின் பங்குனி, சித்திரைப் பொங்கலையும் பூக்குழியையும் ஒட்டி, ஊர்ப் பொட்டலில் சவுக்குக் கம்பும் பலகையும் கொண்டு எழும்பும் மேடையில், இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடப்பதுதான் ஸ்பெஷல் நாடகம்.

இசை நாடகம் என்றும் வழங்கும் ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு விசித்திரமானது. அதில் குழு என்ற ஒன்று நிரந்தரமாக இல்லை. ராஜபார்ட் எனப்படும் நாயகன், ஸ்திரீபார்ட் எனப்படும் நாயகி, பபூன், அவரோடு ஆடும் டான்ஸ் நடிகை, ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பல தாளக்கருவிகளை ஒருவராகவே கையாளும் ஆல்ரவுண்டு கலைஞர் என ஒவ்வொருவரும் தனித்தனியாக, அந்த ஓர் இரவுக்கு மட்டும் 'ஸ்பெஷலாக' அமர்த்தப்படுகிறார்கள். பெயர் வந்ததும் அதனால்தான். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் அன்றைய முருகனும் வள்ளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் உண்டு. இது நடக்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய நாடகங்கள் நடிகர்கள் அனைவருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டதால், எந்த ஊர் வள்ளியும் எந்த ஊர் முருகனோடும் தர்க்கம் செய்ய முடிந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1923-இல், மதுரையில் நடிகர் சங்கம் உருவாயிற்று. மதுரையை நடுவாகக் கொண்டு சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில், செங்கோட்டை என்று தெற்கே நீண்ட வழித்தடம் இந்த நடிகர்களின் பிழைப்புக்கான பாதையாயிற்று. மின்சார ஒலிபெருக்கி இல்லாத நாளில் பந்தலின் கடைசி ஆள்வரை எட்டும் குரலுக்காகப் போற்றப்பட்ட எஸ்.ஜி. கிட்டப்பா செங்கோட்டைக்காரர் என்பது இந்த வழித்தடத்தின் வளத்தைக் காட்டும்.

ஒத்திகையும் இயக்குநரும் இல்லாத இந்த அமைப்பு, செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த ஏற்பாடாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதன் இன்னொரு விளைவு போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் அரசு 1876-இல், வங்காளத்தில் ஆட்சியாளர்களைக் கேலி செய்த நாடகங்களை அடக்குவதற்காகக் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், அவதூறான, ஒழுக்கக்கேடான, அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் நாடகங்களைத் தடைசெய்யவும், மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை அளிக்கவும் வழிசெய்தது. நாடகத்தின் தன்மையை அறிய அதன் ஆசிரியரிடமும், உரிமையாளரிடமும், அச்சிட்டவரிடமும், அது நடக்கும் இடத்தை வைத்திருப்பவரிடமும் விவரம் கேட்கும் அதிகாரத்தையும் அரசுக்குத் தந்தது. அதாவது நாடகம் என்பது ஆசிரியர், பிரதி, கம்பெனி முதலாளி, கொட்டகை என்ற நான்கு பிடிகளைக் கொண்ட ஒரு பொருள் என்று அந்தச் சட்டம் நம்பியது. ஸ்பெஷல் நாடகத்திலோ ஆசிரியர் இறந்துபோன துறவி; பிரதி தெய்வத்தின் கல்யாணக் கதை; முதலாளி இல்லை; கொட்டகை விடிந்தால் பிரிக்கப்படும். எதைப் பறிமுதல் செய்தாலும் பாட்டு அதில் இருக்காது. பாட்டு நடிகரின் நினைவில் இருந்தது. எந்தக் காட்சியில், எந்த வரிக்குப்பின் அதைச் செருகுவது என்பதை அவர் அன்றைய இரவின் கூட்டத்தைப் பார்த்து முடிவுசெய்தார்.

1919 ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப்பின் தமிழ் நாடகமேடை தேசிய இயக்கத்துக்குள் இழுக்கப்பட்ட வரலாற்றை ஆய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றின் நடுநாயகமான எஸ்.எஸ். விசுவநாததாஸ், 1886-இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள சிவகாசியில் மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்துவதையும் நாட்டு வைத்தியத்தையும் தொழிலாகக் கொண்டிருந்த சாதியில் பிறந்து, பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்தவர். சொந்தமாகக் குழு நடத்திய காலம் அவருக்கு உண்டென்றாலும், அவர் கையாண்ட உத்தி மேலே சொன்ன இடைவெளியில்தான் பிறந்தது. வள்ளி திருமணத்தில், தினைப்புனத்தைக் காக்கும் வள்ளி பரண்மீது நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் காட்சி ஒன்று உண்டு. கதைப்படியே பறவைகள் வருகிற இடம் என்பதால், அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வருவதில் கதைக்கு எந்தக் குறையும் இல்லை. கடல் கடந்து வந்து விளைச்சலைத் தின்னும் அந்த வெள்ளைக் கொக்கு யார் என்பது பந்தலில் இருந்த குழந்தைக்கும் தெரியும். இத்தகைய பாட்டுகளை எழுதிக் கொடுத்தவர்களில் முதன்மையானவரான மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952), 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸுக்கும் பாட்டெழுதினார். புராணக் கதைக்குச் சம்பந்தமில்லாத தேசியப் பாட்டுகள் அந்தப் படத்திலும் நுழைந்தன என்பதால், செருகும் உத்தி மேடையிலிருந்து திரைக்கும் பரவியது என்று கொள்ளலாம்.

இப்படிப் பாடியது தெரியாமல் நடந்துவிடவில்லை. காவலர்கள் பந்தலிலேயே இருந்தார்கள். விசுவநாததாஸ் பலமுறை கைதானார், சிறை சென்றார், வெளியே வந்து மீண்டும் பாடினார். சட்டத்தின் கைக்கு நாடகம் அகப்படாதபோது அது நடிகரின் உடலைப் பிடித்தது என்பதே இதன் பொருள். ஆனால் கைது நடப்பதற்குள் பாட்டு ஆயிரக்கணக்கானோரின் காதில் விழுந்துவிடும். முருகன் வேடத்தில் இருப்பவரை மேடையில் வைத்து இழுப்பதற்குக் காவலர் தயங்குவதும் உண்டு, ஏனெனில் அந்த நேரத்தில் கூட்டத்துக்கு அவர் குற்றவாளியாகத் தெரிவதில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, மயில் வாகனத்தில் அமர்ந்து பாடியபடியே அவர் உயிர் பிரிந்தது. லண்டனின் ராக்ஸியில் நிகழ்ந்த எதையும் இதனோடு ஒப்பிடுவது ராக்ஸிக்குச் செய்யும் அநியாயம்.

இந்த இடத்தில் ஓர் எளிய ஆசை எழக்கூடும்: பங்க் என்பதை நம்மவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டார்கள் என்று சொல்லி மார்தட்டிக்கொள்வது. அது பொய்யான பெருமை. பங்க் இசைக்குப் பயிற்சி தடை. ஸ்பெஷல் நாடகத்துக்குப் பயிற்சியே உயிர். ஒத்திகையின்றி எட்டு மணி நேரம் தர்க்கம் செய்ய வேண்டுமானால், நூற்றுக்கணக்கான பாட்டுகளும், விருத்தங்களும், எதிராளி எந்த ராகத்தில் விட்டாலும் அதில் எடுக்கும் வல்லமையும் வேண்டும். பங்க் தெய்வத்தையும் மரபையும் எட்டி உதைத்தது. இந்த மேடை தெய்வத்தின் மயிலில் ஏறிக்கொண்டுதான் அரசை எதிர்த்தது. இன்னும் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. வெள்ளையரை எதிர்த்துப் பாடிய அதே விசுவநாததாஸோடு, அவருடைய சாதியைக் காரணம் காட்டி, நடிகையர் சிலர் சேர்ந்து நடிக்க மறுத்தார்கள். அந்நிய ஆட்சியை ஓட்டைக்குள் புகுந்து தாக்கத் தெரிந்த மேடைக்கு, தன் திரைக்குப் பின்னாலிருந்த சாதியைத் தொட வழி தெரியவில்லை.

அந்த நடிகையரின் நிலையும் எளிதானதாக இருக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடக உலகை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், மேடையில் அந்நிய ஆணோடு காதல் மொழி பேசும் பெண்ணுக்குச் சமூகம் வைத்த இழிவையும், அந்த இழிவைக் குறைக்க நடிகையர் ஊரறியப் பயணம் செய்யாமல் மூடிய வண்டிகளில் போய்வந்ததையும், அன்றாட நடையுடையில் மிகுந்த கட்டுப்பாட்டைக் கைக்கொண்டதையும் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். பங்க் பெண்கள் கிழிந்த உடையும் ஊசி குத்திய முகமுமாக இழிவைத் தாங்களே அணிந்துகொண்டு தெருவில் நடந்தார்கள்; தமிழ் நாடக நடிகை, தன்மேல் சுமத்தப்பட்ட இழிவைத் தெருவில் இறக்கிவைப்பதற்காகக் குடும்பப் பெண்ணைவிடக் கூடுதலான குடும்பப் பெண்ணாக நடக்க வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு சமூகங்கள் விதித்த விலை இவ்வளவு வேறுபடுகிறது.

இசைக்கருவியிலும் இந்த இழிவு ஏறியது. ஸ்பெஷல் நாடகத்தின் முதுகெலும்பு ஆர்மோனியம். அதை வாசிப்பவரே பின்பாட்டுப் பாடி, நடிகர் மூச்சு வாங்கும் இடத்தைத் தாங்கிப் பிடிப்பவர். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாகிப் பாதிரியார்களோடு கப்பலேறி வந்த இந்தக் காற்றுப்பெட்டி, கர்நாடக இசையின் கமகங்களை, அதாவது சுரங்களுக்கு இடையே குரல் வழுக்கிச் செல்லும் அசைவுகளை, காட்ட இயலாதது என்ற காரணம் சொல்லப்பட்டு, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. காரணத்தில் இசை நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நாட்டின் ஒரே வானொலி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கதவடைத்த அதே கருவி, அந்த முப்பது ஆண்டுகளும் தென்மாவட்டங்களின் பொட்டல்களில் இரவு முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, சபையின் காதும் பொட்டலின் காதும் இரண்டாகப் பிரிந்திருந்தது தெளிவாகிறது.  

பணம் வரும் வழியும் இந்த மேடையின் சுதந்திரத்தை வரையறுத்தது. கிளப்பின் வாசலில் காசு கொடுத்து நுழைகிறவர், பிடிக்காவிட்டால் மறுவாரம் வரமாட்டார். ஆகவே கிளப் சிலருக்கு மட்டும் பிடித்தால் போதும், எஞ்சியவர்களை அது பொருட்படுத்த வேண்டியதில்லை. ஊர்த் திருவிழா நாடகமோ தலைக்கட்டு வரியால், அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடி வசூலிக்கும் பணத்தால் நடப்பது. பார்ப்பதற்குக் கட்டணமில்லை, வரி கொடுத்த அனைவரும் உரிமையோடு உட்காருவார்கள், கிழவியும் பள்ளிப் பிள்ளையும் மாலை ஷிப்டை முடித்துவரும் ஆலைத் தொழிலாளியும் ஒரே தரையில். இதனால் இந்த மேடையின் பாட்டு ஊர் முழுவதற்கும் புரியும்படியும், ஊரில் எவரையும் முற்றிலும் பகைக்காதபடியும் இருந்தாக வேண்டும். வெள்ளைக் கொக்கு அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பொருந்திய எதிரி, ஏனெனில் அது வரி கொடுத்த ஊர்க்காரர் எவரும் இல்லை. வரி பிரிக்கிற சாதியைப் பற்றியோ, நிலம் வைத்திருப்பவரைப் பற்றியோ அதே துணிச்சலோடு பாட அந்தப் பணம் இடம் கொடுத்திருக்காது. கில்மன் தெருக் கிளப் தன் விதிகளைச் சுவரில் எழுதிவைத்தது. பொட்டலின் விதிகள் எழுதப்படாமலே கடுமையாக இருந்தன.

விடுதலைக்குப்பின் இந்த மேடையின் அரசியல் பணி வேறு கைகளுக்குப் போயிற்று. நடிகர் எம்.ஆர். ராதா தம் கம்பெனி நாடகங்களில் கடவுளையும் ஆச்சாரத்தையும் நேருக்கு நேர் ஏளனம் செய்தபோது, அவருக்குப் பிரதி இருந்தது, கொட்டகை இருந்தது, விளம்பரம் இருந்தது. எனவே 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென இயற்றிய நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிடிப்பதற்குப் பிடிகளும் இருந்தன. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசான அதன் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று நீக்கியது. மலைக்கு மேற்கே, 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தேயிலைத் தோட்டங்களில் பாடினார்; பின்னர் இளையராஜாவாக அறியப்பட்ட தம்பி அவருடைய பாட்டுக் குழுவில் சேர்ந்ததும் ஏறத்தாழ அப்போதுதான். மேடை நாடகத்தின் மெட்டும் ஆர்மோனியமும் அங்கே தேர்தல் மேடைக்கு இடம்பெயர்ந்தன. இன்னும் அறுபது ஆண்டுகள் கழித்து, 2018 ஜனவரி 6 அன்று, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானா, ராக், ராப், பறை எல்லாவற்றையும் கலந்து, இட ஒதுக்கீடு பற்றியும் மாட்டிறைச்சி பற்றியும் அம்பேத்கர் பற்றியும் பாடிய முதல் நிகழ்ச்சியைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடத்தியது. விசுவநாததாஸின் மேடை தொட முடியாததை அவர்கள் தொட்டார்கள். ராக் இசை தெரிந்த, பெருநகரத்தில் வாழ்ந்த, விரும்பினால் கிளப்பில் பாடக்கூடிய அந்தக் குழு தேர்ந்தெடுத்த இடம் ஒரு பள்ளி மைதானம், நுழைவு இலவசம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் இன்று திருவிழா இரவின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருப்பது ஆடல் பாடல் எனப்படும் நிகழ்ச்சி: திரைப்பாட்டுகளைக் குழுவினர் பாட, நடனக்காரர்கள் ஆடுவது. ஸ்பெஷல் நாடகம் சாகவில்லை; வள்ளி திருமணம் இன்னும் பல ஊர்களில் நேர்த்திக்கடனாகவே நடத்தப்படுகிறது. ஆனால் இரண்டுக்குமே இப்போது காவல் நிலையத்தின் அனுமதி தேவைப்படுகிறது; ஆடல் பாடலுக்கு அனுமதி மறுக்கப்படும்போது ஊரார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதும், நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதி தருவதும் வாடிக்கையாகிவிட்டன. ஆபாச அசைவும் இரட்டைப் பொருள் பாட்டும் கூடாது என்பதோடு, கட்சியையோ மதத்தையோ சாதியையோ குறிக்கும் பாட்டும் நடனமும் கூடாது என்பது அந்த நிபந்தனைகளில் தவறாமல் இடம்பெறும் வாசகம். சாதிப் பெருமை பேசும் பாட்டு ஒன்று போட்டதால் வெட்டுக்குத்து நடந்த ஊர்களை அறிந்த நீதிமன்றம் அப்படி எழுதுவதில் காரணம் இருக்கிறது. அதே வாசகம், சாதியை எதிர்க்கும் பாட்டையும் சாதியைப் போற்றும் பாட்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது என்பதும் உண்மை.

பாட்டின் பொருளைவிட அதன் நேரம்தான் இப்போது பெரிய சிக்கல். ஒலி மாசு விதிகள், 2000, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை விலக்கு அளிக்கலாம். இரவு பத்து மணிக்குப் பபூன் மேடையேறி, பதினொன்றரைக்கு நாரதர் வந்து, வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்குமான தர்க்கம் பின்னிரவில் சூடுபிடித்து, கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம் நடக்கிற ஒரு கலைக்கு இந்த விதி கடிகாரத்தை அப்படியே தலைகீழாக்கியது போன்றது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்தால் கதை மிஞ்சும். கதைக்குள் நடிகர் தம் விருப்பப்படி உலவிய நேரம் மிஞ்சாது. பபூன் அந்த வாரத்து விலைவாசியையும் அந்த ஊர்ச் சாலையையும் அமைச்சரையும் இழுத்துப் பேசும் பகுதி எந்தப் பிரதியிலும் இல்லாதது என்பதால், சுருக்கத் தொடங்கினால் கத்தரி முதலில் விழுவது அதன் மேல்தான். ஒரு குழந்தையின் தூக்கத்தையும், மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போக வேண்டியவரின் தூக்கத்தையும் காக்கிற விதியை எதிர்த்து வாதாடுவது எளிதல்ல. இரவு முழுதும் கூம்பு ஒலிபெருக்கி அலறும் தெருவில் குடியிருந்த எவரும் வாதாட முன்வரமாட்டார்கள்.

அந்த விதியிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. கலையரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய கட்டடங்களுக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் ஒலிபெருக்கி வைத்துக்கொள்வதை இரவிலும் அது தடுக்கவில்லை. நாற்பது பேருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடியப் பாடுவதற்கு ராஜபாளையத்தில் இன்று இந்த விதி தடை சொல்வதில்லை. வரி கொடுத்த ஊர் முழுவதும் உட்கார்ந்து கேட்கப் பொட்டலில் பாடுவதற்குத்தான் காவல் ஆய்வாளரின் கையெழுத்து வேண்டும்.